மீட்டரைப் பார்த்துப் புல்டோசர் செயினைக் கழற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் பத்திரிகையில் கனரக வண்டிகளின் பராமரிப்பு பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஆயில், ஃபில்டர், ரேடியேட்டர் பற்றியெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். புல்டோசரின் அண்டர்கேரேஜுக்கு, அதாவது வண்டியைத் தாங்கி நகர்த்துகிற அடிப்பாகத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி. இத்தனை மணி நேரம் ஓடியதும் செயின் (சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புச் சங்கிலி), ரோலர் (வண்டியின் பாரத்தைத் தாங்கிச் செயின் மேல் உருளும் உருளை), ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல் சக்கரம்) எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு எண்ணைப் போட்டு முடித்துவிட்டார்கள். அந்த வரியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு ஓனர் என்னிடம் வந்து நின்றார். "மீட்டர் இதைத் தாண்டிடுச்சு, கழட்டிடலாமா?" என்று கேட்டார். நான் டேப்பையும் காலிப்பரையும் எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். அங்கே என்ன இருந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த எண் ஏன் தவறு என்று சொல்லிவிடுகிறேன். ஒரு புல்டோசர் தன் ஆயுளில் ரிப்பேருக்குத் தின்னும் பணத்தில் ஏறக்குறைய பாதியை அண்டர்கேரேஜ்தான் தின்கிறது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இவ்வளவு பெரிய செலவை மீட்டரைப் பார்த்து முடிவு செய்ய முடியுமா? ஒரே மாடல் வண்டி இரண்டு, ஒன்று களிமண்ணில் வேலை செய்கிறது, இன்னொன்று கூர்மையான குவார்ட்ஸ் மணலில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலில் ஓடுகிற வண்டியின் செயின் அந்த எண்ணில் பாதியைத் தொடுவதற்குள் முடிந்துபோகலாம், களிமண் வண்டியோ அதைத் தாண்டியும் நிம்மதியாக ஓடும். மண் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆபரேட்டரின் கை இன்னொரு பக்கம். எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்புகிறவர், நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றுகிறவர், பிளேடில் பாரம் அதிகமாகி செயின் வழுக்கிச் சுற்றும்போதும் ஆக்சிலரேட்டரை விடாதவர், இவர்களிடம் எந்தக் கம்பெனி செயினும் தாங்காது. தேவைக்கு மேல் அகலமான ஷூ (செயினில் தரையைத் தொடும் தகடு) போட்டு கல் தரையில் ஓட்டினாலும் பின் (லிங்க் என்கிற கண்ணிகளை இணைக்கும் தண்டு), புஷ் (அந்தப் பின்னைச் சுற்றியிருக்கும் குழல்) எல்லாம் கூடுதலாக முறுக்கப்பட்டுத் தேயும்.

எல்லாவற்றையும் விட மோசம் ரிவர்ஸில் வேகமாக ஓட்டுவது. முன்னால் போகும்போது புஷ் பெரும்பாலும் ஸ்ப்ராக்கெட் பல்லில் உட்கார்ந்தபடியே வருகிறது. ரிவர்ஸில் போகும்போது அது பாரத்தோடு பல்லின் மேல் உருண்டு உரசுகிறது. மண்ணைத் தள்ளிவிட்டு வெறும் பிளேடோடு முழு வேகத்தில் பின்னால் வருவது ஆபரேட்டருக்கு நேரம் மிச்சம், ஓனருக்கு இரும்பு நஷ்டம். இதையெல்லாம் மீட்டர் எப்படிச் சொல்லும்? அது இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத்தானே சொல்கிறது.

ஆகவே அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. செயின் நீண்டிருக்கிறதா என்று பார்க்க, ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் இடையில் ஒரு பழைய பின்னைக் கொடுத்து வண்டியை மெதுவாக ரிவர்ஸில் நகர்த்தி செயினை விறைப்பாக்க வேண்டும். தொய்ந்து கிடக்கிற செயினை அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. அப்புறம் மாஸ்டர் லிங்க் (செயினைப் பிரிப்பதற்கென்றே இருக்கும் கண்ணி) இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு பின்னின் ஓரத்திலிருந்து அதற்கு அடுத்த நான்காவது லிங்க் முடிகிற பின்னின் அதே ஓரம் வரை, அதாவது ஐந்தாவது பின் வரை, டேப்பைப் பிடிக்க வேண்டும். 203 மி.மீ. பிட்ச் (ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம்) உள்ள செயின் என்றால் புதிதில் 812 மி.மீ. காட்டும். இந்த அளவு வண்டிகள் பலவற்றில் லிங்குக்கு 3 மி.மீ. கூடினால் எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம், ஆக டேப்பில் 824 வந்தால் யோசிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. உங்கள் வண்டிக்கு எது எல்லை என்பதை அதன் மேனுவல்தான் சொல்ல வேண்டும், என் வார்த்தையையும் நம்ப வேண்டாம். இரண்டு பக்கச் செயினையும் தனித்தனியாக அளக்க வேண்டும், சரிவில் வேலை செய்த வண்டியில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். அதே நேரத்தில் புஷ்ஷின் வெளி விட்டம், லிங்கின் உயரம், ரோலரும் ஐட்லரும் (முன்னால் செயினைத் தாங்கும் சக்கரம்) எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, ஷூவின் கிரௌசர் (மண்ணைப் பிடிக்கும் விளிம்பு) எவ்வளவு மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், அடுத்த முறை அளக்கும்போது தேய்மானம் எந்த வேகத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். ஒரு தடவை அளந்த அளவு ஒரு புகைப்படம் மாதிரி, அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. தேய்மானம் ஒரே சீராகப் போகாது. புஷ், லிங்க், ரோலர் எல்லாவற்றிலும் மேல்பரப்பைத்தான் கடினப்படுத்தியிருப்பார்கள், உள்ளே இருக்கிற இரும்பு மெதுவானது. அந்தத் தோல் தேய்ந்து முடிந்த பிறகு மீதி கரைவது சோப்பு கரைவது மாதிரி. தயாரிப்பாளர்களின் அட்டவணையில் 100 சதவீதம் என்று போட்டிருப்பது கழற்றிச் சரி செய்ய வேண்டிய கட்டம், 120 என்றால் இனி எதற்கும் உதவாது என்ற கட்டம். முதல் 50 சதவீதம் தேய இரண்டு வருடம் ஆனது, அடுத்த 50 தேயவும் இரண்டு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள்.

இப்போது என் சொந்தக் கதை. நானே ஒரு வண்டி வைத்திருந்த காலத்தில், சீல் போட்டு உள்ளே ஆயில் நிரப்பிய செயின் அது. இந்த வகையில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் ஆயில் இருக்கும் வரை உள் தேய்மானம் அநேகமாகக் கிடையாது, செயின் நீளாது. வெளியே ஸ்ப்ராக்கெட் பல் படுகிற பக்கம் மட்டும் புஷ் தேய்ந்துகொண்டே வரும். அந்தப் பக்கம் தேய்ந்ததும் பிரஸ்ஸில் போட்டுக் கழற்றி, புஷ்ஷை அரைச் சுற்று திருப்பி மாட்டினால் தேயாத மறுபக்கம் பல்லுக்கு வந்துவிடும். செயினுக்கு இன்னொரு ஆயுள். லிங்கில் ரோலர் உருளும் தண்டவாளப் பகுதி பொதுவாகப் புஷ்ஷை விட அதிக நாள் வரும் என்பதால்தான் இந்த வேலைக்கே அர்த்தம் இருக்கிறது. என் வண்டியில் புஷ் ஒரு பக்கம் தட்டையானது கண்ணுக்கே தெரிந்தது. மெக்கானிக்கான நானே "கையில் இருக்கிற வேலை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டேன். வேலை முடியவில்லை, நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் சாயங்காலம் வண்டி நின்றதும் செயினிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டதாக ஆபரேட்டர் சொன்னார். புஷ்களுக்கு அருகே கையைக் கொண்டுபோனாலே சில மூட்டுகள் மட்டும் கொதிப்பது தெரிந்தது. மெலிந்த புஷ்கள் விரிசல் விட்டு ஆயில் வெளியே போய்விட்டது. ஆயில் போன மூட்டு சில வாரங்களில் உள்ளேயும் தேய்ந்து நீண்டது, ஒரு மூட்டு நீண்டால் பல்லில் சரியாக உட்காராமல் ஸ்ப்ராக்கெட்டையும் கடித்தது. லிங்கில் பாதி ஆயுள் மிச்சம் இருந்த செயினைத் தூக்கி இரும்புக் கடையில் போட்டேன். இதற்கு யார் மேலும் பழி சொல்ல எனக்கு வழியில்லை.

புஷ் திருப்புவதற்கான கட்டம் ஒரு ஜன்னல் மாதிரி, அது மூடிய பிறகு திறக்காது. கழற்றலாமா வேண்டாமா என்ற கேள்வியில் தொண்ணூறு சதவீதம் இந்த ஜன்னலைப் பிடிக்கிற கேள்விதான். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்கு ஆற்றாமை.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. லிங்கும் ரோலரும் புஷ்ஷோடு சேர்ந்தே முடிகிற கட்டத்தில் இருந்தால், புஷ் திருப்புவதற்குச் செலவழிப்பது வீண். செயினை அப்படியே ஓட்டி ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் புதிதாகப் போடுவது சரியான முடிவு. இப்படிச் சொன்னால் சில மெக்கானிக்குகள் கோபப்படுவார்கள், ஆனால் கணக்கு அப்படித்தான். ஓட்டி ஒழிக்கிற வண்டியைச் செங்குத்தான சரிவுக்கோ ஆட்கள் நிற்கிற இடத்துக்கோ அனுப்பாதீர்கள், நீண்ட செயின் பல்லை விட்டுத் தாவும், கழன்றுகூட விழும். இன்னொன்று, ரோலரும் லிங்கும் சேர்ந்து தேயும்போது ரோலரின் விளிம்பு, லிங்கில் பின் செருகியிருக்கும் புடைப்பில் இடிக்க ஆரம்பிக்கும். அந்தத் தடம் தெரிந்த பிறகு செயினைச் சரி செய்து மாட்டலாம் என்ற பேச்சையே விட்டுவிடலாம்.

பாதியை மாற்றிப் பாதியை விடுவது பற்றி. நீண்ட பழைய செயினுக்குப் புது ஸ்ப்ராக்கெட் போட்டால், பிட்ச் பொருந்தாமல் புதுப் பல் சீக்கிரம் கூர்மையாகிவிடும். தேய்ந்த பல்லின் மேல் புதுச் செயின் போட்டாலும் புஷ்ஷுக்கு அதே கதிதான். ரோலர்களை மட்டும் தனித்தனியாக மாற்றலாம், இடம் மாற்றியும் போடலாம். முன் கோடியிலும் பின் கோடியிலும் இருப்பவைதான் அதிகம் தேயும், நடுவில் இருப்பவற்றை அங்கே கொண்டுபோகலாம், ஒற்றை விளிம்பு ரோலர், இரட்டை விளிம்பு ரோலர் இடம் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஷூவும் அப்படியே, கிரௌசர் 2.5 செ.மீ. அளவுக்கு இறங்கிவிட்டால் பிடிப்பு போய்விடும், அப்போது ஷூவை மாற்றலாம், நல்ல வெல்டர் இருந்தால் இரும்புப் பட்டை வைத்து ஒட்டலாம். இதற்காகச் செயினைத் தொட வேண்டியதில்லை.

தொய்வு விஷயத்தில் ஓனர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். செயின் நீண்டதும் கிரீஸ் அடித்து இறுக்குகிறார்கள், மறுபடி நீள்கிறது, மறுபடி இறுக்குகிறார்கள், ஐட்லர் கடைசி வரை முன்னால் வந்து இனி இடமில்லை என்றதும் ஒரு லிங்கைக் கழற்றிவிடுகிறார்கள். பார்க்கச் செயின் ஒழுங்காக இருக்கும், பிட்ச் மட்டும் அப்படியே தவறாக இருக்கும். சரியான தொய்வு பல வண்டிகளில் 4, 5 சென்டிமீட்டர், அதுவும் வேலை செய்கிற மண் ஒட்டியிருக்கும்போதே பார்க்க வேண்டும், கழுவி நிறுத்திய வண்டியில் சரி செய்து அனுப்பினால் சேறு அடைத்துக்கொண்டதும் செயின் கம்பி மாதிரி இறுகிவிடும். இறுகிய செயின் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தின்னும். தளர்த்தும்போது கிரீஸ் வால்வை மெதுவாகத் திறங்கள், ஒரு சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள், முகத்தை நேராக வைக்காதீர்கள், உள்ளே இருக்கிற கிரீஸ் அழுத்தம் தோலைத் துளைக்கும்.

சரி, அந்த ஓனரின் வண்டிக்கு வருகிறேன். நாலு லிங்குக்கு 814 வந்தது. லிங்கில் பாதிக்கு மேல் மிச்சம், ரோலர் பரவாயில்லை. புஷ்ஷின் ஒரு பக்கம் மட்டும் எல்லையை நெருங்கிவிட்டது. நீங்கள் போட்ட எண்ணைக் கேட்டிருந்தால் நல்ல செயினைத் தூக்கி எறிந்திருப்பார். அந்த எண்ணை நம்பாமல் இன்னும் ஓட்டியிருந்தால் என்னைப் போல ஆகியிருப்பார். புஷ் திருப்ப நாள் குறித்துவிட்டோம், ஸ்ப்ராக்கெட்டின் செக்மென்ட் என்கிற பல் துண்டுகளும் அப்போதே மாறுகின்றன. கட்டுரை எழுதியவர் அடுத்த முறை மணிக்கணக்குக்குப் பதிலாக இந்த அளவுகளைப் போட்டால் நன்றாக இருக்கும். அதைக் கத்தரித்துக்கொண்டு ஓனர்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

இப்படிக்கு,
ஒரு புல்டோசர் மெக்கானிக்