மை அட்டையும் ரப்பர் பேண்டும்: உளவியல், மருத்துவப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் உளவியல் படித்தவள் இல்லை. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் தம்பிக்கு முன்பு ஆலோசனை கொடுத்தவரைப் பார்க்கப் போனேன். அவர் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். சண்டை போடத்தான் போனேன். அவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகவே பேசினார். "டீச்சர், நான் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்றார். தன்பாலீர்ப்பு, அதாவது ஒரே பாலினத்தவர் மீது வரும் ஈர்ப்பு, மனநோய் இல்லை என்பதற்கு 1957இல் ஆதாரம் காட்டிய அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கரின் பெயரைச் சொன்னேன். "அது யாரு? எந்தப் பேப்பர்ல வருது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அங்கேதான் என் கோபம் அவரை விட்டு உங்கள் பக்கம் திரும்பியது. அவருக்குப் பாடம் எழுதிக் கொடுத்தவர்கள் நீங்கள்தானே.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலீர்ப்பு உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பைக் குணப்படுத்துகிறேன் என்ற முயற்சிகளைத் தடை செய்து போட்ட உத்தரவும் தெரியும். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்ததும் தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு பெயர் வகுப்பறைக்குள் வரவில்லை என்பதுதான் என் குறை.

தம்பியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒரு இடத்தை மட்டும் சுருக்க முடியாது. 2021 கடைசியில் அவன் தன்பாலீர்ப்பு கொண்டவன் என்று வீட்டில் தெரிந்தது. அப்போது அவனுக்கு 22 வயது. அம்மா யாரிடமோ விசாரித்து அந்த ஆலோசகரிடம் கூட்டிப் போனார். முதல் நாளே மை அட்டைகளைக் காட்டியிருக்கிறார்கள். ரோர்ஷாக் சோதனை. பத்து அட்டைகள், ஒவ்வொன்றிலும் மை சிந்தி மடித்தது போல ஒரு உருவம், என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். தம்பி முதல் அட்டையில் வௌவால் என்றானாம். அப்புறம் ஒரு அட்டையில் இரண்டு பேர் பானையைத் தூக்குகிறார்கள் என்றானாம். அந்தப் பதில்களை வைத்து, "ஆண்மை அடையாளத்தில் குழப்பம் உறுதியாகிறது" என்று ஒரு பக்க அறிக்கை. கீழே கையெழுத்து, சீல். அம்மா அதை ரேஷன் கார்டுடன் சேர்த்து பீரோவில் வைத்திருந்தார்.

அதன் பிறகு 12 அமர்வுகள். இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, தப்பான நினைப்பு வரும்போதெல்லாம் இழுத்து விடச் சொன்னார்கள். அவன் சொன்னபடி செய்தான். எங்கள் தம்பி எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத பிள்ளை. அந்த மே மாத வெயிலில், மின்விசிறி கூட ஓடாத மதியத்தில், முழுக்கைச் சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். ரசத்துக்குக் கையை நீட்டியபோது சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி சிவந்து தடித்த கோடு, அதன் மேல் இன்னொரு கோடு, ஓரிடத்தில் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. "ஒண்ணுமில்லக்கா, கொசு கடிச்சது" என்றான். நான் எழுந்து போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

இதற்குப் பிறகுதான் நானாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த மை அட்டையை வைத்து ஒருவனின் பாலீர்ப்பையும் மனநலத்தையும் சொல்லிவிட முடியுமா என்ற கேள்விக்கு 1957லேயே விடை கிடைத்துவிட்டது என்று தெரிந்த ஆத்திரம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். 1940களில் ஈவ்லின் ஹூக்கர் லாஸ் ஏஞ்சலீஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விரிவாக்க வகுப்புகளில் உளவியல் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே சாம் ஃப்ரம் என்று ஒரு மாணவர், தன்பாலீர்ப்பு கொண்டவர். குடும்ப நண்பராகப் பழகிய பிறகு தன் நண்பர்களையும் அறிமுகப்படுத்தி, எங்களை எங்கள் இயல்பிலேயே பார்த்துவிட்டீர்கள், இனி எங்களைப் பற்றி ஆராய்வது ஓர் அறிவியலாளராக உங்கள் கடமை என்றார். ஹூக்கர் தயங்கினார். அவருடன் ஒரே அலுவலக அறையில் வேலை பார்த்த உளவியலாளர் புரூனோ க்ளாப்ஃபர்தான் கட்டாயம் செய்யச் சொன்னார். மை அட்டைச் சோதனையில் அன்றைக்குப் பெரிய கை அவர். நம்மிடம் நோயாளியாக வருபவர்களைத் தவிர இவர்களில் வேறு யாரை நாம் பார்த்திருக்கிறோம் என்பது அவருடைய வாதம்.

இதில்தான் எல்லாமே இருக்கிறது. அதுவரை தன்பாலீர்ப்பு நோய் என்று எழுதிய பலரும் மருத்துவமனையிலும் சிறையிலும் தாங்கள் பார்த்தவர்களை வைத்தே எழுதியிருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு, இந்த ஊரில் ஆரோக்கியமான ஆளே கிடையாது என்று எழுதினால் எப்படி இருக்கும்? என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூட அந்தக் கணக்கைத் தப்பு என்பார்கள்.

ஹூக்கர் 1953இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்திடம் நிதி கேட்டார். அரசு வேலையில் இருந்தவர்களைத் தன்பாலீர்ப்பின் பேரில் துரத்திக்கொண்டிருந்த வருடம் அது. கலிஃபோர்னியாவிலும் அது குற்றம். பணம் கிடைக்காமல் போகலாம், ஏன் என்று யாருக்கும் தெரியவும் வராது என்று முன்கூட்டியே எச்சரித்துத்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். பேச வந்தவர்களின் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், ஜெயிலுக்கும் போக நேரும் என்பதால், அவர்களைத் தன் வீட்டுத் தோட்டத்தில் தனியாக இருந்த அறைக்கு வரவழைத்துப் பேசினார்.

தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் 30 பேர், எதிர்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் 30 பேர். வயது, படிப்பு, அறிவுத்திறன் மூன்றும் பொருந்தும்படி ஜோடி ஜோடியாக எடுத்தார். சிகிச்சையில் இருப்பவர்களைச் சேர்க்கவில்லை. மை அட்டை உட்பட மூன்று சோதனைகள். பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பதிவுகளில் இருந்து அடையாளங்களை நீக்கிவிட்டு, க்ளாப்ஃபர், எட்வின் ஷ்னைட்மன், மார்ட்டிமர் மேயர் என்ற மூன்று வல்லுநர்களிடம் கொடுத்தார்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போன எந்த ஆசிரியருக்கும் இது புரியும். பிள்ளையின் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது, டம்மி நம்பர் மட்டும்தான். ஊரைப் பார்த்து மார்க் போட முடியாது, எழுதியிருப்பதற்குத்தான் போட முடியும். ஹூக்கர் அந்த மூன்று பேருக்கும் டம்மி நம்பர் போட்ட தாளைத்தான் கொடுத்தார்.

மனநலத்துக்கு ஐந்து படி மதிப்பெண் போட்டார்கள். இரண்டு குழுவிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் சராசரி அல்லது அதற்கு மேல். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மை அட்டைப் பதிவுகளை ஜோடியாக வைத்து இதில் தன்பாலீர்ப்பு கொண்டவர் யார் என்று கேட்டபோது, காசு சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட நன்றாகச் சொல்ல முடியவில்லை. க்ளாப்ஃபராலேயே முடியவில்லை. எங்கள் ஊர் ஆலோசகர் ஒரே மதியத்தில் "உறுதியாகிறது" என்று எழுதி சீல் வைத்தார்.

1956இல் சிகாகோவில் உளவியலாளர் மாநாட்டில் ஹூக்கர் இதை வாசித்தார், அடுத்த வருடம் கட்டுரை அச்சானது. சாம் ஃப்ரம் அதற்கு முன்பே இறந்துவிட்டார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் இருந்து தன்பாலீர்ப்பை எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் எடுக்க 1990 ஆனது. ஹூக்கர் ஒருவரால் மட்டும் இது நடந்துவிடவில்லை, தெருவில் இறங்கிப் போராடியவர்கள் நிறையப் பேர். ஆனாலும் கையில் பிடித்துக்கொள்ள ஒரு ஆதாரம் கொடுத்தவர் அவர். அந்த ஆய்வுக்குக் குறைகளும் உண்டு: 60 பேர் மட்டும், அதில் ஒரு பெண் கூட இல்லை. மாணவர்களுக்கு அதையும் சேர்த்தே சொல்லுங்கள். குறையோடு சொல்லிக்கொடுத்தால்தான் அது அறிவியல் பாடம்.

நான் கேட்பது ஒரு வகுப்பு. ஒரு மணி நேரம். உளவியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1957 கட்டுரையை ஒரு மணி நேரம் நடத்துங்கள்.

எனக்குத் தெரிந்த உளவியல் மாணவி ஒருத்தியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஃப்ராய்ட் 11 பக்கம் இருக்கிறார். தன்பாலீர்ப்பு, "பாலியல் பிறழ்வுகள்" என்ற தலைப்பின் கீழே ஒரு வரியாக இருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் மருத்துவப் பாடத்திட்டத்தில் தடயவியல் பகுதியில் இதை மறுபடியும் இயற்கைக்கு மாறான குற்றங்களோடு சேர்த்துப் போட்டதும், எதிர்ப்பு கிளம்பி செப்டம்பரில் திரும்பப் பெற்றதும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் அதைத் தட்டச்சு செய்தபோது, சரிபார்த்தபோது, ஒப்புதல் கொடுத்தபோது, அந்த மேசையில் இருந்த ஒருவருக்குக் கூட உறுத்தவில்லையா? யூடியூபில் குணப்படுத்துகிறேன் என்று பேசுகிறவர்களை யார் கேட்பது? "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்று எங்கள் அம்மாவிடம் சொன்னார்களே, வாக்கப்பட்டு வரப்போகும் அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு யார் பதில் சொல்வது? அவளும் ஒரு வீட்டின் பிள்ளைதானே?

சரி. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தன் முன்னால் வந்த வழக்கு பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ். ஒரு நீதியரசரால் முடிந்தது உங்களாலும் முடியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஒரு மணி நேரம் போதும். முடிந்தால் அந்த ஒரு மணியில், பெயரும் அடையாளமும் நீக்கிய பதிவுகளை மாணவர்கள் கையில் கொடுத்து, யார் என்று அவர்களையே சொல்லச் சொல்லிப் பாருங்கள். தங்களால் முடியவில்லை என்று தாங்களே பார்த்த பிள்ளைகள், நாளைக்கு யாருடைய அறிக்கையிலும் "உறுதியாகிறது" என்று எழுதத் தயங்குவார்கள்.

தம்பி இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். அம்மா தினமும் போனில் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அந்த அறிக்கையை அவரே பீரோவில் இருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு என்னை அழைத்தால், தம்பியின் சம்மதத்தோடு அதைக் கொண்டு வருகிறேன், பெயரை மறைத்துவிட்டு. சனி, ஞாயிறு என்றால் வசதி. மற்ற நாள் என்றாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஒரு கணக்கு டீச்சர், அவனுடைய அக்கா