ஜெனரேற்றர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே. கார்த்திகை, மார்கழி மழைக்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

இரண்டு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயரால் சுவர் பிளக்குக்குள் ஜெனரேற்றர் கரண்ட் கொடுக்கவே கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்த ஒருதரம் மறந்தாலும், உங்கள் 230 வோல்ட் டிரான்ஸ்போமருக்குள் தலைகீழாகப் போய் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிர் போகும். கழற்றிய பிளக்கின் ஊசியிலும் கரண்ட் இருக்கும். மெயினை நிறுத்த மறக்க மாட்டோம் என்பவர்களை நம்பாதீர்கள், இருட்டில் எல்லோரும் மறப்பார்கள்.

சரியான வழி: நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இரண்டு துருவ சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வீட்டை ஒரு நேரத்தில் மெயின் லைனோடு அல்லது ஜெனரேற்றரோடு மட்டும் இணைப்பது). தகுதியுள்ள வயர்மன் பூட்டட்டும். ஜெனரேற்றர் நியூட்ரல் எர்த்தோடு இணையாவிட்டால் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுவது) வேலை செய்யாமல் போகலாம்; அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவிட்ச் இல்லையா? 2.5 சதுர மில்லிமீற்றர் மூன்று கோர் வயரில் பிரிட்ஜை ஜெனரேற்றரிலேயே நேரே பூட்டுங்கள். 2 கேவிஏ மெசின் ஏறத்தாழ 8.7 அம்பியர்தான் தரும். பிரிட்ஜ் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். தண்ணி மோட்டரை அதோடு சேர்க்க வேண்டாம்.

விறாந்தையிலும் குசினியிலும் ஓட்டாதீர்கள். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடிக்கும். யன்னலிலிருந்து 6 மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க, மழை படாமல் வையுங்கள். நிறுத்தி ஆறிய பிறகே பெற்றோல்.