பாதியில் எழுந்து போன சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

ஞாயிற்றுக்கிழமை டெரன்ஸ் மாலிக்கின் ‘எ ஹிடன் லைஃப்’ படத்தைப் போட்டேன். "இன்னும் எத்தனை தடவைதான் புல் அறுப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விட்டீர்கள். நியாயமான கேள்வி. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். அரை மணி நேரத்தைக் கத்தரித்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

என் குறை வேறு. ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்ட ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டரின் கதைதான் இந்தப் படம். நிஜத்தில் அவர் வெறும் மௌனசாமி இல்லை. ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்க்க 1938-ல் வாக்கெடுப்பு நடந்தபோது, அவர் ஊரில் ‘வேண்டாம்’ என்று போட்ட ஒரே ஆள். இந்தப் போரில் ஒரு கிறிஸ்தவன் சேரலாமா என்று தாள் தாளாக வாதாடி எழுதியவர். படத்து ஃபிரான்ஸோ மலையைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், மனசுக்குள் முணுமுணுக்கிறார். அந்தக் கூர்மையான விவசாயி எங்கே போனார்? மலையும் இரவல்தான். அவருடைய சாங்க்ட் ராடெகுண்ட் ஆற்றோரத்து ஊர். நாம் வாய்பிளந்து பார்த்த சிகரங்களில் பெரும்பாலானவை இத்தாலியின் தெற்குத் திரோலில் எடுத்தவை. அப்புறம் அந்த மொழி! நல்லவர்கள் ஆங்கிலத்தில் மென்மையாகப் பேச, கத்துகிறவர்கள் மட்டும் ஜெர்மனில் கத்துகிறார்கள். ஜெர்மன் பேசும் ஒரு மனிதரின் கதையில் இது அநியாயம்.

ஆனால் நீங்கள் போன பிறகு ஒன்று நடந்தது. ஊர் ஒதுக்கிவைத்த பின் ஃபிரான்ஸின் மனைவி ஃபானியும் அவள் உடன்பிறந்தவளும் அதே வயலில் ஆண் துணை இல்லாமல் பாடுபடுகிறார்கள். தொடக்கத்தில் விளையாட்டுப்போல் இருந்த வேலை இப்போது முதுகை ஒடிக்கிறது. அத்தனை புல்லும் எதற்கு என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. (நிஜ ஃபானிக்கு விதவை ஓய்வூதியம் கிடைக்கவே 1950 ஆனது.)

இன்னொன்று, புரூனோ கான்ஸ் நடித்த நீதிபதி. "இப்படிச் செய்ய உனக்கு உரிமை உண்டா?" என்கிறார். "செய்யாமலிருக்க எனக்கு உரிமை உண்டா?" என்று திருப்பிக் கேட்கிறார் ஃபிரான்ஸ். படம் முழுக்க நான் தேடிய ஆள் அந்த ஒரு வரியில் வந்துவிட்டுப் போகிறார். அவரை வெளியே கூட்டிப்போன பின், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நீதிபதி போய் உட்காருகிறார். வசனமே இல்லை.

அடுத்த வாரம் வாருங்கள். கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்