2022–23 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மன்றத்து அன்பர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் டிசம்பர் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். புரதங்களின் அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனின் நூற்றாண்டுக் கருத்தரங்கைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்தது 1922 அக்டோபர் 8. நூற்றாண்டு நாள் இரண்டாம் சனிக்கிழமையாக அமைந்தது நம் நல்ல காலம். பேசியிருந்த மண்டபம் கடைசி வாரத்தில் இல்லையென்று ஆனதும், நூலக மாடிக்கு மாறினோம். அங்கே புரொஜெக்டரும் வேலை செய்யவில்லை. பேச வந்த பேராசிரியை தயங்காமல் சாக்பீஸை எடுத்தார். அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு, ஃபை, சை. அணுக்கள் ஒன்றையொன்று முட்டாமல் எந்தெந்தக் கோணங்களில் நிற்க முடியும் என்று கட்டம் கட்டமாக வரைந்துகாட்டினார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ராமச்சந்திரன் வெளியிட்ட அந்த வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகெங்கும் புதிய புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். படம் கண்முன்னே வளர்ந்ததால் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிந்தது.

பிற்பகல் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உரம் தரும் புரதம் அது. அதற்கு மூன்றிழை அமைப்பை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தே முன்வைத்தார்கள். கங்காரு வால் தசைநாணின் எக்ஸ்கதிர்ப் படம் அதற்கு உதவியது. முதல் வடிவத்தில் இழைகள் அருகருகே நின்றன. அவை ஒன்றையொன்று சுற்றியிருக்க வேண்டும் என்று மறு ஆண்டே தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

இதை விளக்க நம் தெருவில் கயிறு திரிக்கும் பெரியவரை அழைத்திருந்தோம். தென்னை நாரில் ஒவ்வொரு புரியையும் இடப்பக்கம் முறுக்கினார். பிறகு மூன்றையும் சேர்த்து வலப்பக்கம் முறுக்கினார். "இப்படி எதிர்முறுக்குக் கொடுத்தாத்தான் பிரியாது, தம்பி" என்று இழுத்துக் காட்டினார். கொலாஜனின் முப்புரியும் அதே கணக்குத்தான். நடுவில் இடம் குறுகலாக இருப்பதால், ஒவ்வொரு இழையிலும் மூன்றுக்கு ஒன்றாக, இருப்பவற்றிலேயே சிறிய அமினோ அமிலமான கிளைசின் உட்காருகிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஆட்டுக்கால் சூப் ஆறினா ஏன் உறையுது?" என்று கேட்டாள். சூட்டில் புரி பிரிந்துவிடுகிறது, ஆறும்போது அரைகுறையாக மறுபடி பின்னிக்கொண்டு நீரைப் பிடித்துவைக்கிறது என்று பேராசிரியை பதில் சொன்னார். அன்று எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த நேரம் அதுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தைத் தாண்டித் தினமும் பேருந்தில் போகும் நமக்கே இந்த வேலை அங்கே நடந்தது தெரியாமல் இருந்தது என்பது என் மனத்தை உறுத்துகிறது. எனவே இதே நிகழ்ச்சியை வரும் ஆண்டில் நம் பகுதிப் பள்ளிகளிலும் தமிழிலேயே நடத்தப் பொதுக்குழு அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கயிறு திரிக்கும் பெரியவர் எங்கு கூப்பிட்டாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இவ்வறிக்கையை ஏற்றருள வேண்டுகிறேன்.

செயலாளர்