பெட்ரோல் பங்குக்கு அடியிலும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்புக்கு அருகில் பெட்ரோல் பங்க் அமைவதை எதிர்த்துப் பொதுமக்கள் மனு கொடுத்தது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வழக்கம்போல் வாதம் முழுவதும் பங்குக்கும் வீடுகளுக்கும் இடையே 50 மீட்டர் வேண்டுமா, 30 மீட்டர் போதுமா என்பதிலேயே நின்றுவிட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வகுத்த அந்த இடைவெளி தேவையானதுதான். ஆனால் அது தரைக்கு மேலே நாடா பிடித்து அளக்கும் கணக்கு. நிலத்துக்கு அடியில் புதைத்த தொட்டி கசிந்தால் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கோடையில், பங்க் ஒன்றின் பின்தெருவில் குடியிருப்பவர் மினரல் வாட்டர் பாட்டிலில் பாதியளவு கிணற்றுத் தண்ணீர் எடுத்து, மொபெட்டில் உச்சிவெயிலில் வந்து சேர்ந்தார். “மோட்டார் போட்டதும் பெட்ரோல் வாடை அடிக்குது சார், சோத்துலகூடத் தெரியுது” என்றார். நாங்கள் மூடியைத் திறந்தபோது வாடையே இல்லை. பெட்ரோலில் உள்ள, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் போன்றவை ஆவியாகிப் பாட்டிலின் காலி இடத்துக்கு ஏறிவிடும், மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். அதற்கென்று உள்ள 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், கடுகளவு காற்றுக் குமிழிகூட நிற்காமல் விளிம்புவரை நிரப்பி, கவிழ்த்துப் பார்த்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அவருக்கு இதைச் சொன்னவர் யாருமில்லை. ‘மாசு காணப்படவில்லை’ என்று நாங்கள் கொடுத்த அறிக்கை, கடைசியில் பங்க் தரப்புக்கே நற்சான்றிதழாகப் பயன்பட்டது. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் தீரவில்லை.

குடிநீரில் பென்சீன் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கக்கூடிய பென்சீன், எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். விநாடிக்கு ஒரு சொட்டு கசிந்தால் நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல் போகும். தினமும் 5,000 லிட்டர் விற்கும் பங்கில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருப்புக் கணக்கில் ‘ஆவியாதல்’ என்ற கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே தொட்டிக்குள் விட்டு எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப் ராடையும் இருப்புப் பதிவேட்டையும் மட்டும் நம்பியிருப்பது போதாது.

தொட்டியைச் சுற்றி, நிலத்தடி நீரைச் சோதிப்பதற்கென்றே போடும் கண்காணிப்புக் கிணறுகள் குறைந்தது மூன்றாவது வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால்தான் நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பது புலப்படும். அளக்கும் காலமும் முக்கியம். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மேலே மிதக்கும் பெட்ரோலும் கூடவே இறங்கி மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறியதும் அது தண்ணீருக்கு அடியில் சிக்கிக்கொள்ள, கிணற்றில் படலம் எதுவும் தெரியாமல் போகலாம். டிசம்பரில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ‘சுத்தம்’ என்று எழுதுவதில் பொருளில்லை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலையே தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், பென்சீன் சிதையாமல் இன்னும் தூரம் போக வாய்ப்பிருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது நினைவிருக்கும். அங்கே கசிந்தது பங்க் தொட்டியல்ல, நிலத்தடிக் குழாய். ஆனாலும் தண்ணீர் இறைத்த வீட்டுக்காரர்கள்தான் அதை முதலில் கண்டார்கள். அமெரிக்காவிலோ, தொட்டிக் கசிவை 30 நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற விதி 1988லேயே வந்துவிட்டது.

புதிய பங்குக்கு அனுமதி தரும்போதே கண்காணிப்புக் கிணறுகள் எங்கே என்பதை வரைபடத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்கும் பொறுப்பைப் பங்க் நடத்துபவரிடமோ வீட்டுக்காரரிடமோ விடாமல், முறையாக எடுக்கத் தெரிந்த ஆய்வகத்திடம் ஒப்படைத்து, முடிவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உள்ளாட்சி அலுவலகத்தின் பலகையில் ஒட்ட வேண்டும். அடுத்த முறை மனு கொடுக்கப் போகிறவர்கள் மீட்டர் கணக்கோடு இதையும் ஒரு கோரிக்கையாக எழுதிக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
செங்கல்பட்டு மாவட்டம்.