திருவழிபாட்டுக் குழு: செயலரின் ஆண்டறிக்கை (2024–2025)

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருள்சகோதரிகளே, பங்குப் பேரவை உறுப்பினர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, இறைமக்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

2024 டிசம்பர் 1, திருவருகைக்கால முதல் ஞாயிறு தொடங்கி, கிறிஸ்து அரசர் பெருவிழா வரை நம் குழு செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவும் தவக்காலமும் வழக்கம்போல் நிறைவாக அமைந்தன. அவற்றின் விவரம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நான் பாஸ்கா காலத்துக்கே, அதாவது உயிர்ப்பு (ஈஸ்டர்) ஞாயிறு தொடங்கும் ஐம்பது நாளுக்கே, ஒதுக்கியிருக்கிறேன். போன பொதுக்குழுவில் எழுந்த ஒரு கேள்விதான் காரணம்.

மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார்: "தவக்காலத்துல வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு உள்ளே இடமில்லாம வாசல்ல நிக்கிறாங்க. உயிர்ப்பு முடிஞ்ச மறுவாரமே கோவில் வெறிச்சுனு கிடக்கு. நாற்பது நாள் அழத் தெரிஞ்ச நமக்கு ஐம்பது நாள் சந்தோஷப்படத் தெரியலையா?" அன்று யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி குழுவை விடவும் இல்லை. இந்த ஆண்டு ஏப்ரல் 20 முதல் ஜூன் 8 வரை, ஐம்பது நாளும் ஒரே விழாவாக நடத்துவது என்று தவக்காலம் தொடங்கும் முன்பே தீர்மானித்தோம்.

இது நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் ஞாயிறு வரையிலான ஐம்பது நாளையும் ஒரே திருநாளாக, ஒரு 'பெரிய ஞாயிறாக' அக்களிப்புடன் கொண்டாட வேண்டும் என்றுதான் 1969-இல் வெளியான திருவழிபாட்டு ஆண்டுப் பொது விதிமுறைகள் சொல்கின்றன. அதனால்தான் இந்த ஞாயிறுகளுக்குப் 'பாஸ்கா காலத்தின் 2-ஆம் ஞாயிறு, 3-ஆம் ஞாயிறு' என்று பெயர். நம் அறிவிப்புப் பலகையிலோ பல ஆண்டுகளாக 'உயிர்ப்புக்குப் பின் 2-ஆம் ஞாயிறு' என்றே எழுதி வந்தோம். உயிர்ப்பு முடிந்துபோன செய்தி என்று நாமே எழுதிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் வேலையாக அதைத் திருத்தினோம்.

திருச்சபையின் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 1700-ஆம் ஆண்டும் இதுதான் என்பதால் பங்குத்தந்தை ஒரு மாலை அதைப் பற்றி வகுப்பு எடுத்தார். 325-இல் கூடிய அந்தச் சங்கத்தின் 20-ஆம் விதி, ஞாயிறுகளிலும் பெந்தக்கோஸ்து (தூய ஆவியார் ஞாயிறு) வரையிலான நாள்களிலும் முழந்தாளிடாமல் நின்று செபிக்க வேண்டும் என்கிறது. உயிர்த்தவரின் மக்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். அந்தச் சங்கம் பாஸ்கா நாளை, அதாவது உயிர்ப்பு ஞாயிறைக், கணிப்பதைப் பற்றியும் பேசியது. பல ஆண்டுகளில் வேறு நாளில் கொண்டாடும் கீழைத் திருச்சபைகளும் நாமும் இந்த ஆண்டு ஒரே நாளில், ஏப்ரல் 20 அன்று, பாஸ்கா கொண்டாடியதை அந்தப் பின்னணியில் கேட்டபோது பலருக்கும் மனம் நெகிழ்ந்தது.

அடுத்து, பூ. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடான திருவிழிப்பில் பீடம் முழுக்கப் பூவாக இருக்கும். அடுத்த ஞாயிறு வாடிய தண்டுகள்தான் மிஞ்சும். இந்த முறை அதே தொகையை எட்டுப் பங்காகப் பிரித்தோம். உயிர்ப்பு இரவில் பீடம் எளிமையாக இருந்தது உண்மை. அதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் தூய ஆவியார் ஞாயிறு வரை ஒவ்வொரு வாரமும் திருவிழிப்பில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியின் அடியில் புதுப் பூ இருந்தது. இதைத் தொடர வேண்டும் என்பதே குழுவின் கருத்து.

ஏப்ரல் 19 இரவு திருவிழிப்பில் வயது வந்தோர் மூவர் திருமுழுக்குப் பெற்றார்கள். அந்த இரவைப் பற்றி நீங்களே அறிவீர்கள், விரிக்கவில்லை. அதற்கு மறுநாளைக்கு மறுநாள் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறன்று ஊருக்கும் உலகுக்கும் ஆசீர் வழங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், திங்கள் காலை இறைவனடி சேர்ந்தார். செய்தி வந்ததும் கோவிலுக்கு ஆள்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பூவை எடுத்துவிடலாமா, ஊதா உடை எடுத்து வைக்கவா, மாலைத் திருப்பலியில் அல்லேலூயா பாடலாமா என்று பாடகர் குழுவும் பீடப் பணியாளர்களும் என்னிடம் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. பங்குத்தந்தை தெளிவாகச் சொன்னார்: உயிர்ப்பு ஞாயிறு முதல் எட்டு நாளான பாஸ்கா எண்கிழமையின் ஒவ்வொரு நாளும் ஆண்டவரின் பெருவிழாவாகக் கொண்டாடப்படும் நாள், வெள்ளை உடையும் வானவர் கீதமும் அல்லேலூயாவும் அப்படியே இருக்கட்டும், அவருக்காகப் பொது மன்றாட்டில் செபிப்போம். அவருடைய படத்தை மட்டும் பாஸ்கா திரியின் அருகே வைத்தோம். "இந்தப் பங்கில் யார் இறந்தாலும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாம் ஏற்றி வைப்பது இந்தத் திரியைத்தானே" என்று மறையுரையில் பங்குத்தந்தை சொன்னபோது கோவிலில் பெரும் அமைதி. அழுதுகொண்டே அல்லேலூயா பாடிய அந்த மாலையை நான் மறக்க மாட்டேன்.

அன்று திருப்பலிக்கு முன் திருவழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் அறையான சக்ரீஸ்தில் நடந்த ஒரு சிறு வேலையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நம் திருப்பலிப் புத்தகத்தில், நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயர் வரும் இடத்தில், 2013 மார்ச்சில் யாரோ அழகான கையெழுத்தில் 'பிரான்சிஸ்' என்று எழுதி ஒட்டிய துண்டுத்தாள் இருந்தது. ஓரம் பழுத்து, ஒரு மூலையில் மெழுகுச் சொட்டு படிந்திருந்தது. திருத்தந்தை இல்லாத காலத்தில் அந்தப் பெயர் சொல்லப்படுவதில்லை. கோவிலைப் பராமரிக்கும் கோவில்பிள்ளை நகத்தால் மெல்ல நெம்பி, கிழியாமல் எடுத்து, குறிப்பேட்டின் உள் அட்டையில் வைத்தார். அன்று ஃபாதர் அந்த வரிக்கு வந்தபோது ஒரு மூச்சளவு நின்று, நேராக ஆயரின் பெயருக்குப் போனார். அந்த இடைவெளி எல்லோர் காதிலும் விழுந்தது. மே 8 மாலை உரோமையில் வெண்புகை எழுந்தது, 14-ஆம் லியோ புதுத் திருத்தந்தையானார். மறுநாள் புதுத் துண்டு ஒட்டினோம். 'பதினான்காம்' என்ற எண் மன்றாட்டில் சொல்லப்படுவதில்லை என்பதால் 'லியோ' என்று மட்டும். இரண்டே நாளில் மே 11, நல்லாயன் ஞாயிறு, இறையழைத்தலுக்காக உலகெங்கும் செபிக்கும் நாள். அன்று புதுத் திருத்தந்தை பேதுரு பேராலய மாடத்தில் நின்று அன்னை மரியாவை வாழ்த்தும் 'விண்ணக அரசியே' பாடினார். நாமும் பாஸ்கா காலம் முழுக்க நண்பகல் மூவேளை செபத்துக்குப் பதிலாக அதைத்தான் சொல்லி வந்தோம், நின்றபடியே.

ஞாயிறு திருப்பலிகளைப் பற்றி. பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து அல்ல, திருத்தூதர் பணிகளிலிருந்து வரும். பிறந்து சில நாளே ஆன திருச்சபையின் கதை அது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும்; இது அதில் மூன்றாம் ஆண்டு என்பதால் இரண்டாம் வாசகம் திருவெளிப்பாட்டிலிருந்து. இரண்டையும் தொடர்கதைபோல் மக்கள் கேட்க வேண்டும் என்று வாசகர்களுக்கு வியாழன் மாலைப் பயிற்சி வைத்தோம். அப்படியும் மே 4 அன்று தவறு நேர்ந்தது. ஒரே வாசகரின் பெயரை இரண்டு திருப்பலிக்கும் எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் திருப்பலிக்கு ஆள் இல்லை. கடைசி நொடியில் பெஞ்சிலிருந்து அழைக்கப்பட்ட இளைஞர் எழுந்து வந்து, திறந்திருந்த பக்கத்தை வாசித்தார். அது முதல் ஆண்டின் வாசகம். வாசக நூலின் பக்க அடையாள நாடாவைச் சரியான பக்கத்தில் வைக்காததும் என் பிழையே. அந்த இளைஞர் மீது எந்தக் குறையும் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வந்ததற்காக அவருக்கு இங்கே நன்றி சொல்கிறேன். அன்றுமுதல் சனி மாலையே இருவர் சேர்ந்து நாடாவைப் பார்த்து வைக்கிறோம்.

திருவிழிப்பில் மந்திரித்த நீரைப் பெரிய பாத்திரத்தில் காத்து வைத்து, எட்டு ஞாயிறும் தெளிக்கும் சடங்குக்குப் பயன்படுத்தினோம். ஃபாதர் நடுவழியில் மட்டும் நடந்து திரும்பாமல், கடைசி வரிசை கடந்து வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் வரை போனார். சிறு மாற்றம்தான். ஆனால் வெளியே நிற்பதே வழக்கமாகிவிட்ட சிலர் அடுத்தடுத்த வாரங்களில் உள்ளே வந்து அமர்ந்ததை நானே பார்த்தேன்.

வார நாள்களில் நாங்கள் மிகவும் ஆசையோடு தொடங்கியது ஒளியின் பாதை. சிலுவைப்பாதையைப் போலவே பதினான்கு நிலைகள், வெறுமையான கல்லறையில் தொடங்கித் தூய ஆவியார் வருகையில் முடியும். ஏப்ரல் 25 முதல் ஜூன் 6 வரை ஏழு வெள்ளிக்கிழமைகள் இருந்ததால் வாரத்துக்கு இரண்டு நிலை என்று பிரித்தோம். பாஸ்கா திரியிலிருந்து கைத்திரிகளை ஏற்றிக்கொண்டு திருமுழுக்குத் தொட்டியிலிருந்து நடப்போம். (முதல் வெள்ளி எண்கிழமைக்குள் வந்ததால் அன்று சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) உண்டா என்று பலர் கேட்டார்கள். பெருவிழா நாளாகையால் இல்லை.) உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் வாரம் இரண்டு வரிசைகூட நிறையவில்லை. ஏழாம் வாரத்தில் கொஞ்சம் கூடியது, அவ்வளவே. சிலுவைப்பாதைக் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். கேள்வி கேட்ட அந்த மூத்த உறுப்பினர் ஏழு வாரமும் வந்தார்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதுவும் பாஸ்கா காலத்தில், நற்கருணை பெறுவது ஒவ்வொரு கத்தோலிக்கரின் கடமை. வர இயலாதவர்களுக்கு நாம்தானே கொண்டுபோக வேண்டும்? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நற்கருணைப் பணியாளர்கள் சிமிழோடு நேராக நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றார்கள். ஒரு ஞாயிறு நானும் துணைக்குப் போனேன். படுக்கையில் இருந்த அம்மா ஒருவருக்கு விழுங்குவது சிரமம். கட்டிலருகே வெள்ளைத் துணி விரித்துத் திரி ஏற்றி வைத்திருந்தார் மகள். பணியாளர் அப்பத்தில் விரல்நுனி அளவு பிட்டுத் தேக்கரண்டித் தண்ணீரோடு கொடுத்தார். அது உள்ளே இறங்க வெகுநேரம் ஆனது, யாரும் அசையவில்லை. பிறகு அவர் கண்ணைத் திறந்து கேட்டார்: "தம்பி, இன்னிக்கு எந்த நற்செய்தி?" மீன் பிடித்த கதை என்றேன். "நூற்றைம்பத்து மூணு மீனு" என்றார். சந்திப்புக்குப் போகிறவர்கள் அன்றைய நற்செய்தியை வாசித்துக் காட்டாமல் திரும்பக் கூடாது என்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்தோம்.

திருவிழிப்பில் திருமுழுக்குப் பெற்ற மூவரையும் அவர்களின் ஞானப் பெற்றோரோடு வாரம் ஒருமுறை சந்தித்தோம். தாங்கள் பெற்ற அருளடையாளங்களின் பொருளை அவர்கள் அசைபோட்டுப் பார்க்கும் காலம் இது என்பதால் நாம் அதிகம் பேசாமல் அவர்களைப் பேசவிட்டோம். சிறுவர்கள் முதன்முறை நற்கருணை பெறும் புதுநன்மை விழாவும் மே மாதத்தில் சிறப்பாக நடந்தது. மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு நன்றி.

ஆண்டவரின் விண்ணேற்றத்தை நம் மறைமாவட்டத்தில் ஜூன் 1 ஞாயிறன்று கொண்டாடினாலும், தூய ஆவியார் நவநாளை மே 30 வெள்ளியன்றே தொடங்கினோம்; அப்போதுதான் ஜூன் 7-உடன் ஒன்பது நாள் சரியாக வரும். திருச்சபை முழுவதும் இந்த நவநாளைச் செய்ய வேண்டும் என்று 1897-இல் கேட்டுக்கொண்டவர் திருத்தந்தை 13-ஆம் லியோ. புதுத் திருத்தந்தை அதே பெயரை ஏற்ற ஆண்டில் அதைச் சொல்லித் தொடங்கியது பொருத்தமாக இருந்தது.

ஜூன் 8 அன்று 'பார்த்தர், மேதியர், எலாமியர்' வாசகத்தைக் கல்லூரி மாணவி ஒருவர் வாசித்தார். 'கப்பதோக்கியா'வும் 'பம்பிலியா'வும் நாக்கில் பழகும் வரை மூன்று மாலை வெறும் கோவிலில் வாசக மேடையில் நின்று பயிற்சி செய்தார். அன்று ஒரு பெயரில்கூடத் தடுக்கவில்லை.

பாஸ்கா திரி பற்றி ஒரு குறிப்பு. திரி ஆண்டுதோறும் புதிதாக, உண்மையான மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த ஆண்டு வாங்கிய திரி ஐந்தாம் வாரத்தில் ஒருபக்கமாக உருகி, அதில் பொறித்திருந்த '2025'-இன் கடைசி எண்ணை மெழுகு மூடிவிட்டது. மின்விசிறிக் காற்றுதான் காரணம். விசிறியை நிறுத்தி, கரிந்த திரிநூலைத் திருப்பலிக்கு முன் கத்தரித்து வந்தபின் சரியாயிற்று. தூய ஆவியார் ஞாயிறு கடைசித் திருப்பலிக்குப் பின் அதைத் திருமுழுக்குத் தொட்டி அருகே கொண்டுபோய் வைத்தோம்.

வரும் ஆண்டில் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5, தூய ஆவியார் பெருவிழா மே 24. முதல் ஆண்டு வாசகங்கள். இரண்டாம் வாசகம் பேதுருவின் முதல் திருமுகம். ஒளியின் பாதையைப் பங்கின் குடும்பக் குழுக்களான அன்பியங்கள் முறைவைத்து நடத்தினால் கூட்டம் கூடும் என்று குழு நினைக்கிறது. ஏழு வெள்ளிக்கு ஏழு பொறுப்பாளர்கள் தேவை. ஒரு பெயர் வந்துவிட்டது, மூத்த உறுப்பினருடையது. மீதி ஆறு பெயர்களை இந்தக் கூட்டம் கலையும் முன் கோவில்பிள்ளையிடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இறைப்பணியில்,
செயலர்,
திருவழிபாட்டுக் குழு