கவனச்சிதறல் வேறு, கவனக்குறைவு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் 'டிஸ்ட்ராக்டட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் 'கவனக்குறைவான' என்று பொருள் தரப்பட்டிருந்தது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கவனக்குறைவு என்பது ஒருவருடைய அலட்சியம். அதற்கு ஆங்கிலத்தில் 'கேர்லெஸ்' என்ற சொல் தனியே இருக்கிறது. 'டிஸ்ட்ராக்டட்' என்பதோ, ஒன்றில் ஊன்றியிருந்த கவனத்தை வேறொன்று வந்து இழுத்துக்கொண்ட நிலை. இழுத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. பாகூர் வயல்களில் ஓடும் டிராக்டரின் பெயருக்கும் அதுவே வேர். ஆகவேதான் கவனத்தை இழுத்தது எது என்பதை 'பை' சேர்த்தும், எதிலிருந்து இழுத்தது என்பதை 'ஃப்ரம்' சேர்த்தும் சொல்வது ஆங்கில மரபாக இருக்கிறது. பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியால் படிப்பில் மனம் நிற்காமல் தவிக்கும் மாணவியை இச்சொல்லால் குறிக்கலாம். வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பியே பார்க்காமல் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வரும் மாணவனை, வேறு காரணம் ஏதும் இல்லாதவரை, 'கேர்லெஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். (சில நூற்றாண்டுகளுக்கு முன் புத்தி பேதலித்தவரையும் 'டிஸ்ட்ராக்டட்' என்ற சொல்லால் குறித்தார்கள், தேர்வுக்கு அது வேண்டியதில்லை.)

நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் 'டிஸ்டர்ப்' என்று சொல்லிப் பழகிவிட்டதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். அது தொந்தரவைக் குறிக்கும் சொல். ஆனால் எந்தத் தொந்தரவும் தராமல், ஒலியடக்கி மேசைமேல் வைத்த கைப்பேசிகூடக் கவனத்தை இழுக்க வல்லது.

புதுச்சேரியில் பிரெஞ்சைப் பாடமாக எடுத்த பிள்ளைகளுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் பெரும்பாலும் குறையாகச் சொல்லப்படும் 'டிஸ்ட்ராக்‌ஷன்', அதே எழுத்துகளோடு பிரெஞ்சில் பொழுதுபோக்கு என்ற பொருளிலும் இயல்பாக வழங்குகிறது. கடற்கரைச் சாலையில் மாலையில் காலாற நடப்பதும் அந்தக் கணக்கில் சேரும். இரு மொழிகளையும் ஒரே நாளில் படிக்கிறவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் பொருள் தந்துவிட்டால் போதாது.

அடுத்த வாரப் பகுதியில் 'கவனம் சிதறிய' என்று பொருளைத் திருத்தி, 'பை', 'ஃப்ரம்' ஆகிய இரண்டும் பயின்றுவரும் வாக்கியங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.